எட்டுச் செல்லோக்களும் ஒரு குரலும்

சென்ற மாதம் என் அறையில் கூடியிருந்த நண்பர்களுள் ஒருவர், "ஒரே பாட்டை நான்கு பேர் பாடிக் கேட்பானேன்? ஏட்டில் எழுதிய ஸ்வரம் ஒன்றுதானே?" என்று கேட்டார். மேனாட்டு இசையில் எல்லாம் எழுதிவைத்தபடியே நடந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. அன்று நான் சரியாக விடை சொல்லவில்லை. இக்கட்டுரையை அவ்விடையாகக் கொள்க.

நான் வைத்திருந்த பாட்டு, பிரேசில் நாட்டு ஹெய்டர் வில்லா-லோபோஸ் (1887–1959) இயற்றிய 'பாக்கியானாஸ் பிராசிலெய்ராஸ்' வரிசையில் ஐந்தாவது. ஜெர்மானிய மேதை பாக்கின் முறையையும் தம் நாட்டு மக்கள் இசையையும் இணைத்து 1930 முதல் 1945 வரை அவர் ஆக்கிய ஒன்பதில் இது ஒன்று. எட்டுச் செல்லோக்கள், ஒரு பெண்குரல். வேறு வாத்தியம் இல்லை. வில்லா-லோபோஸ் தாமே செல்லோ வாசித்தவர். 'ஆரியா' என்னும் முதற்பகுதி 1938இல் எழுதப்பெற்றது. 'டான்சா' என்னும் இரண்டாம் பகுதி 1945இல்தான் வந்து சேர்ந்தது.

ஆரியாவில் செல்லோக்காரர்கள் வில்லை விட்டு விரலால் நரம்பைச் சுண்டுகிறார்கள்; கிதார் வாசிப்பது போலிருக்கும். அதன்மேல் குரல் சொல்லே இன்றி அகாரத்தில் நெடுக இழைகிறது. ஆலாபனைக்குப் பழகிய செவி இதில் எளிதாக ஒன்றிவிடும். ஒரு ஸ்தாயி கீழே ஒரு செல்லோ அதே மெட்டை நிழல்போல் தொடர்கிறது. நடுவில் நிலவெழும் மாலையைப் பற்றிய போர்த்துகீசியச் சொற்கள், பெரும்பாலும் ஓதுவது போன்ற நடையில் வருகின்றன. பிறகு முதல் மெட்டு திரும்புகிறது. இம்முறை வாயை மூடியபடியே பாட வேண்டும். இறுதியில் குரல் மேலே தாவி, உச்ச ஸ்வரத்தில் நூலிழையாய் நிற்க வேண்டும். பாடுபவரைச் சோதிக்கும் இடம் அதுவே. அங்கே வாயைச் சற்றுத் திறந்துவிடுவோரும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை.

1945இல் வில்லா-லோபோஸ் நடத்த, பிரேசில் நாட்டவரான பிடு சயாவ் அம்மையார் ஆரியாவைப் பதிவு செய்தார். தனிச் செல்லோ வாசித்தவர் லெனர்ட் ரோஸ். ஒலிப்பதிவு பழையது, சுண்டும் நரம்புகள் ஏதோ அடுத்த அறையில் ஒலிப்பன போலக் கேட்கும். ஆயினும் அந்த மெல்லிய வெள்ளிக் குரல் தாய்மொழியில் பாடுகிறது. போர்த்துகீசியத்தின் மூக்கொலி உயிர்கள் அவர் வாயில் இயல்பாக நனைந்து வருகின்றன. நடுப்பகுதி பாட்டாகவும் பேச்சாகவும் ஒருங்கே தோன்றுவது அதனாலேயே.

1956இல் அதே வில்லா-லோபோஸ் பாரிசில் நடத்த, ஸ்பெயினின் விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலஸ் பாடினார். பிரெஞ்சு வானொலி இசைக்குழுவின் செல்லோக்கள் இங்கே தெளிவாகக் கேட்கின்றன. குரலோ உருண்டு திரண்ட கனிவுடையது. சயாவ் பிரிவைப் பாடுகிறார் என்றால், இவர் பிரிவு ஆறிய பின்னுள்ள அமைதியைப் பாடுகிறார் என்பேன். இயற்றியவர் ஒருவரே, நடத்தியவரும் அவரே, ஏடும் மாறவில்லை. ஆயினும் கேட்பது இரு வேறு பாட்டு! 'ஆசிரியர் நடத்தியதே முடிவான பதிவு' என்று முன்பு நானும் வாதாடியிருக்கிறேன். இவ்விரண்டும் என் வாயை அடைத்துவிட்டன.

டான்சாவையும் சேர்த்துக் கேட்க வேண்டுமானால் பாரிஸ் பதிவிற்குத்தான் போக வேண்டும். மானுவல் பண்டெய்ரா எழுதிய பாட்டு அது. கரிரி வறண்ட நாட்டுப் பறவையை அழைப்பது. அசைகள் சம்மட்டி அடிபோல் விரைந்து விழும். ஒரு நொடி நா பிசகினால் பாட்டு போயிற்று.

1964இல் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்த ஆன்னா மோஃபோ பாடிய பதிவு தேன் சொட்டுவது. எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாகவே சொட்டுகிறது. அதே ஆண்டு நாட்டுப்பாடல் பாடகி ஜோன் பேயஸும் மாரிஸ் அப்ரவனல் நடத்த ஆரியாவைப் பாடினார். ஆப்பராப் பயிற்சி இல்லாத குரல் அது. எள்ளி நகையாடத்தான் அதைப் போட்டேன். முடியும்வரை அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வரும் சனிக்கிழமை மாலை சயாவ் பதிவையும் பாரிஸ் பதிவையும் அடுத்தடுத்து வைக்கப்போகிறேன். கேள்வி கேட்ட நண்பர் தவறாமல் வரவேண்டும்.