வயலில் எரியும் தீவனமும் பையில் வரும் தீவனமும்

பால்மாவின் விலை உயரும்போதும், 2021, 2022 ஆம் ஆண்டுகளிற் கண்டதுபோல் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நிற்கும்போதும், உள்ளூர்ப் பாலுற்பத்தியைப் பெருக்க வேண்டுமென்ற குரல் எழுவதும் தட்டுப்பாடு நீங்கியதும் அக்குரல் அடங்கிவிடுவதும் நம் நாட்டில் வழமையாகிவிட்டது. நமது தேவையில் பாதிக்கும் குறைவான பாலையே நாம் உற்பத்தி செய்கிறோம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும் இக்குரல் எழும் வேளையிலெல்லாம் பேச்சு பெரும்பாலும் பசுவின் இனத்தைப் பற்றியதாகவே இருந்துவிடுகிறது. அந்தப் பசு எதை உண்டு பால் தரப்போகிறது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு விடுகிறது.

இக்கேள்வியைப் பின்தள்ளியதன் விலையை நாம் அண்மையிலேயே கண்டோம். 2017 ஆம் ஆண்டு தொடக்கம் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஐயாயிரம் பசுக்கள் இறக்குமதி செய்யப்பட்டுப் பண்ணையாளருக்கு வழங்கப்பட்டன. பசுக்கள் நோயுற்றும் இறந்தும் போனதால் கடனாளிகளானோம் எனப் பண்ணையாளர் பலர் முறையிட்டனர். தவறு யாருடையது என்பதில் முரண்பட்ட கருத்துகள் உண்டு. அவ்விவாதத்துக்குள் நாம் செல்லவில்லை. ஆனால் நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது லீற்றர் பால் எதிர்பார்க்கப்படும் ஒரு பசுவை, இரண்டு லீற்றர் கறக்கும் நாட்டுப் பசுவுக்குப் போடுவதைப் போட்டு வளர்க்க முடியாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

பசுவுக்கு உணவூட்டுவது என்பது உண்மையில் அதன் வயிற்றினுள் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு உணவூட்டுவதாகும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதிப்புத் தொட்டி போன்றது. மனிதரால் சமிக்க முடியாத புல்லின் நாரை இந்நுண்ணுயிர்களே சிதைக்கின்றன. அவை பெருகிப் பின் இறந்து, பசுவுக்குப் புரதமாகவும் ஆகின்றன. 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவொன்றுக்கு ஈரம் நீங்கலாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 கிலோ உணவு தேவை. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே என்பதால், இத்தேவையைப் புல்லினால் மட்டும் நிறைவேற்றுவதாயின் 60 கிலோ வரையான புல் வேண்டும். வீதியோரத்தில் கட்டிவைக்கப்பட்ட பசு பகல் முழுவதும் மேய்ந்தாலும் இதிற் பாதியைத் தானும் உண்பது அரிது.

அவ்வாறாயின் தீவனத்துக்கு எங்கே போவது? மாசி, பங்குனி மாதங்களில் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு கிளிநொச்சி, மட்டக்களப்பு, அம்பாறை வயல்வெளிகளினூடே மாலையிற் பயணம் செய்பவர்கள் அதற்கான விடையைக் கண்ணாற் காணலாம். வைக்கோல் எரிந்துகொண்டிருக்கும். சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களத்திலேயே ஓரிடத்திற் குவிந்தது. அதைப் போராக வைப்பது இலகுவாயிருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வைக்கோலை வயல் முழுவதும் பரப்பிச் செல்கிறது. அதைச் சேர்க்கும் கூலி வைக்கோலின் பெறுமதியிலும் கூடிவிடுகிறது. அடுத்த போகத்துக்கு நிலத்தை விரைவாக ஆயத்தம் செய்யவேண்டிய விவசாயி தீ வைத்துவிடுகிறார். மூன்று மாதங்களின் பின், ஆடி மாதக் கோடையில், அதே ஊரின் பசுக்கள் விலா எலும்பு தெரிய நிற்கின்றன.

வைக்கோல் சிறந்த உணவு என நாம் கூறவில்லை. அதிலுள்ள புரதம் மூன்று, நான்கு வீதமே. கடின நாரும் சிலிக்காவும் அதிகம். தனி வைக்கோலை உண்ணும் பசு உயிர் வாழும், பால் தராது. ஆனால் வைக்கோலை மேம்படுத்தும் முறை நமக்குப் புதியதன்று. நெதர்லாந்தின் ஒத்துழைப்புடன் 1980 களில் இலங்கையிலேயே இதற்கென ஆய்வுத் திட்டமொன்று நடைபெற்றது. 1986 மார்ச்சில் கண்டியில் இதுபற்றிச் சர்வதேச ஆய்வரங்கமும் கூடியது. முறை எளியது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துப் படை படையாகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாவண்ணம் பொலித்தீனால் மூடிவிட வேண்டும். யூரியாவிலிருந்து வெளிப்படும் அமோனியா நாரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைதரசனையும் வழங்குகிறது. பத்து நாட்களின் பின் திறந்து, சிறிது நேரம் காற்றாட விட்டுப் பின் பசுவுக்கு இடலாம். புரத அளவு ஏறக்குறைய இருமடங்காகும். பசு உண்ணும் வைக்கோலின் அளவும் கூடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. யூரியாவை நீரிற் கரைத்துக் குடிக்கக் கொடுப்பதோ, அளவின்றித் தவிட்டுடன் கலப்பதோ பசுவைச் சில மணித்தியாலங்களிற் கொன்றுவிடும். அசைபோடும் வயிறு முதிராத இளங்கன்றுகளுக்கு யூரியா வைக்கோல் அறவே ஆகாது.

இவ்வளவு நன்மையுள்ள முறை ஏன் ஊர்களிற் பரவவில்லை? நாளுக்கு இரண்டு லீற்றர் கறப்பவருக்கு யூரியாவும் பொலித்தீனும் நீர் சுமக்கும் உழைப்பும் கட்டுபடியாகாது. ஆறு, எட்டு லீற்றர் கறப்பவருக்கே கட்டுபடியாகும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னரோ நெல்லுக்கே யூரியா கிடைக்கவில்லை. பின்பு அது கிடைத்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அவ்வாண்டின் பெரும்போகச் சோளச் செய்கையும் வீழ்ந்ததால் கலப்புத் தீவனத்தின் விலையும் ஏறியது. நெற்பயிருக்கு விழுந்த அடி பால்மாட்டின் மீதும் விழுந்தது.

யூரியா இல்லாதவிடத்தும் வழியுண்டு. தென்னந்தோட்டங்களிலும் வேலிகளிலும் தழைத்து நிற்கும் கிளிசரிடியா, இபில் இபில், முள்முருக்கு ஆகியவற்றின் இலைகளில், உலர்ந்த நிலையிற் கணக்கிட்டால், இருபது வீதத்துக்குக் குறையாத புரதம் உண்டு. வைக்கோலை உண்ணும் பசுவுக்கு நாளொன்றுக்குச் சில கிலோ இலை கிடைத்தாலே வயிற்றின் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும். கிளிசரிடியாவின் வாடை பிடிக்காத பசு முதலில் முகத்தைத் திருப்பும். சில மணி நேரம் வாடவிட்டு இட்டால் பழகிக்கொள்ளும். இபில் இபில் இலையை மட்டும் தொடர்ந்து இடுவது தவறு. அதிலுள்ள மிமோசின் எனும் நச்சுப்பொருளால் உரோமம் உதிரலாம். தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதிருப்பது நல்லது.

இனித் தவிடும் புண்ணாக்கும். தேங்காய்ப் புண்ணாக்கில் இருபது வீதம் அளவில் புரதமும், எஞ்சிய எண்ணெயினால் நல்ல சக்தியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எள்ளுப் புண்ணாக்கும் உழுத்தங்கோதும் முன்னோர் அறிந்து பயன்படுத்தியவையே. தவிட்டை வாங்கும்போதுதான் ஏமாற்றம் நேர்கிறது. அரைத்த உமி கலந்த தவிட்டில் பசுவுக்கு உதவுவது எதுவுமில்லை. ஒரு கைப்பிடியை நீரிலிட்டால் உமி மேலே மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். பச்சையரிசித் தவிடு சில நாட்களிலேயே சிக்குவாடை கொள்ளும். புழுங்கல் தவிடு அவ்வாறு விரைவிற் கெடுவதில்லை. நெல்லை அவிக்கும்போதே எண்ணெயைக் கெடுக்கும் நொதியம் அழிந்துவிடுவதே காரணம்.

தவிட்டில் இன்னுமொரு குறை மறைந்திருக்கிறது. மூன்று கிலோ தவிட்டில் பொஸ்பரஸ் 45 கிராம் அளவில் இருக்க, கல்சியம் 3 கிராம் அளவிலேயே உண்டு. பசு ஒரு லீற்றர் பாலுடன் 1.2 கிராம் கல்சியத்தை வெளியே அனுப்புகிறது. பத்து லீற்றர் கறந்தால் 12 கிராம் போய்விடும். வைக்கோலிலுள்ள ஒட்சலேற்றும் கல்சியத்தைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே வைக்கோலும் தவிடும் மட்டுமே உண்ணும் கறவைப் பசு தன் எலும்பைக் கரைத்தே பால் தருகிறது என்றால் மிகையாகாது. கிளிசரிடியா இலையின் பெறுமதி இவ்விடத்தில் இரட்டிப்பாகிறது. உலர்ந்த இலை ஒரு கிலோவில் 10 கிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு.

கடைகளிற் போத்தல்களிலும் பொதிகளிலும் வரும் போசணை மருந்துகளை இதன் பின்னரே நோக்க வேண்டும். கனியுப்புக் கலவையும், நாளொன்றுக்கு 30 கிராம் அளவில் கறியுப்பும் கறவைப் பசுவுக்குத் தேவையானவையே. ஆனால் பி விற்றமின்களை ஆரோக்கியமான பசுவின் வயிற்று நுண்ணுயிர்களே ஆக்கிக்கொள்கின்றன. பச்சை இலையைக் காணாத பசுவுக்குக் குறைவது ஏ விற்றமினாகும். அதைப் போத்தலிலும் பார்க்க மலிவாக வேலி தந்துவிடும். கன்று ஈன்றதும் பசு விழாதிருக்க, சினையின் கடைசி மாதத்திற் கல்சியத்தை அள்ளிக்கொடுப்பது நற்செயலெனப் பலர் எண்ணுகின்றனர். விளைவு நேர்மாறானது. உணவிற் கல்சியம் மிகுந்திருக்கும்போது எலும்பிலிருந்து அதை எடுக்கும் ஆற்றலை உடல் உறங்க விட்டுவிடுகிறது. ஈன்ற அன்று மடி பெருமளவு கல்சியத்தை இழுக்க, பசு பாற்சுரத்தில் விழுகிறது. அக்காலத்தில் எதைக் கொடுப்பது என்பதை அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டறிவதே முறை.

பூஞ்சணம் பிடித்த தீவனமோ பசுவுடன் நின்றுவிடுவதில்லை. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் மாண்டதற்குக் காரணம் தேடியபோதே, நிலக்கடலைப் புண்ணாக்கின் பூஞ்சணத்திலிருந்த அஃப்லாடொக்சின் எனும் நச்சு கண்டறியப்பட்டது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெய் தொடர்பாக இப்பெயர் நம் வீடுகளிலும் பேசப்பட்டது. ஈரம் உலராத கொப்பராவின் புண்ணாக்கிலும் நனைந்த சோளத்திலும் இது உருவாகலாம். பசு உண்ட நச்சின் ஒரு பகுதி வேற்றுருவிற் பாலில் வெளிவருகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. “மாட்டுக்குத்தானே” எனக் கெட்டுப்போனதைத் தொட்டியிற் கொட்டுபவர்கள், அது மறுநாள் தம் குழந்தையின் கோப்பைக்கே திரும்பி வரக்கூடும் என்பதை அறியாதிருக்கிறார்கள்.

கிழக்கின் பட்டிமாடுகளுக்கு நாம் இதுவரை கூறியவை முழுமையாகப் பொருந்தமாட்டா. நூற்றுக்கணக்கான மாடுகளுக்குத் தொட்டியில் தீனி வைப்பது எவராலும் இயலாது. வயல் விதைத்ததும் மாடுகள் மேய்ச்சற்றரைக்குச் சென்றாக வேண்டும். 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதும் இதற்காகவே. வட்டமடுவிற் கால்நடை வளர்ப்போரும் நெற்செய்கையாளரும் ஆண்டுக்கணக்கில் முரண்பட்டு நிற்பதும் நிலத்தின் பற்றாக்குறையினாலன்றி ஒருவர் மீது ஒருவர் கொண்ட பகையினாலன்று. தமிழரும் முஸ்லிம்களும் இரு தொழில்களிலும் இருக்கின்றனர். ஒருவரின் வைக்கோல் மற்றவரின் மாட்டுக்கு உணவு. மேய்ச்சற்றரைகளை எல்லையிட்டு வர்த்தமானியில் அறிவிப்பது அரசின் கடமை. அதற்கு மாற்றாக எந்தத் தீவனப் பையையும் காட்ட முடியாது.

ஆனால் எரியும் வைக்கோலைக் காப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வயலிற் பரந்து கிடக்கும் வைக்கோலைச் சேர்த்துக் கட்டுகளாக்கும் இயந்திரங்கள் நாட்டில் இருக்கின்றன. கமநல சேவை நிலையங்களும் பாற்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கைகோத்து, அறுவடை நடைபெறும் ஓரிரு மாதங்களுக்கு இவற்றை வாடகைக்கமர்த்தி, கட்டொன்றுக்கு ஒரு விலையை முன்கூட்டியே அறிவித்தால் தீ வைக்கும் விவசாயிக்கும் சிறு வருமானம் கிட்டும். வெட்டு முடிந்து மழை விழுமுன் இருப்பது சில நாட்களே என்பதால், இவ்வொழுங்குகள் தை பிறக்கும் முன்னரே செய்யப்பட வேண்டும்.