காணாமற்போன கோப்பு எங்கே?

2006ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிரிக்கெட் 07’ என்ற கணிப்பொறி விளையாட்டை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். அதில் வரும் ஆட்டக்காரர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். புதியவர்களின் பெயர்களைச் சேர்ப்பதற்கென்று ஆர்வலர்கள் சிறு திருத்தக் கருவிகளை எழுதியிருக்கிறார்கள். இத்தகைய பழைய கருவியைப் புதிய கணிப்பொறியில் திறந்தால், ‘கோப்பு இல்லை’ என்ற செய்தி தோன்றுவது உண்டு. விளையாட்டே பழுதாகிவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடாதீர்கள். எந்தக் கோப்பு இல்லையென்று செய்தி கூறுகிறது? முதலில் அதைப் பாருங்கள்.

கோப்பின் பெயர் ‘ஓ.சி.எக்ஸ்.’ என்று முடிகிறதா? அப்படியானால் அது விளையாட்டைச் சேர்ந்த கோப்பு அன்று. திருமணச் சமையலுக்கு வேண்டிய அண்டாவை நாம் வீட்டுக்கு வீடு வாங்கி வைப்பதில்லை. பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுக்கிறோம். நிரல்களும் அப்படித்தான். 1998இல் வந்த ‘விஷுவல் பேசிக் 6’ மொழியில் எழுதிய கருவிகள், திரையில் தோன்றும் பட்டியல் முதலியவற்றைப் பொதுக் கோப்புகளிடமிருந்து பெறுகின்றன. அக்கோப்புகளுள் சில விண்டோஸுடன் வருவதில்லை. பழைய கணிப்பொறிகளில் வேறு நிரல்களை நிறுவியபோது அவையும் கூடவே வந்து சேர்ந்தன. புதியதில் அவை இல்லை; அதனால்தான் கருவி நின்றுவிடுகிறது.

இதற்கு என்ன செய்யலாம்? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பிலிருந்தே அக்கோப்பைப் பெற வேண்டும். முன்பின் தெரியாத இடங்களில் தனிக் கோப்பாக எடுத்தால், அதனுடன் வைரஸும் வந்துவிடலாம். கோப்பை நகலெடுத்து வைத்தால் மட்டும் போதாது. பாத்திரம் கடைக்கு வந்ததும் பேரேட்டில் பதிவது போல, விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’யிலும் அதைப் பதிய வேண்டும். முறையான நிறுவல் தொகுப்பு இதைத் தானே செய்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை! 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ என்ற உறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகளோ ‘சிஸ்வாவ்64’ என்ற உறையில் இருக்கின்றன! விஷுவல் பேசிக் 6 கருவிகள் 32 பிட் வகையைச் சேர்ந்தவை. ஆகவே, கோப்பை நீங்களே நகலெடுப்பதானால் இரண்டாவது உறையில்தான் வைக்க வேண்டும்.

கோப்பின் பெயர் ‘பிக்’ என்று முடிந்தால் காரணம் வேறு. பல சிறு கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைத்த விளையாட்டு மூட்டை அது. விளையாட்டு எந்த உறையில் இருக்கிறது என்பதைப் பல கருவிகள் ரெஜிஸ்ட்ரியில் பார்த்தே அறிகின்றன. விளையாட்டை முறையாக நிறுவாமல் வேறொரு கணிப்பொறியிலிருந்து அப்படியே நகலெடுத்திருந்தால் அந்த முகவரி பதிவாகியிராது. கோப்பு இருந்தும் கருவியின் கண்ணுக்குப் படாது! கருவியில் வசதி இருந்தால் சரியான உறையைக் காட்டுங்கள். இல்லையேல் மூல வட்டிலிருந்து மீண்டும் நிறுவுங்கள்.

கருவி திறந்துவிட்டதா? பெயர்களை மாற்றத் தொடங்கும் முன், விளையாட்டுக் கோப்புகளின் நகல் ஒன்றை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். திருத்தம் தவறினாலும் பழைய அணி உங்கள் கையில் இருக்கும்.