படகின் அளவும் எஞ்சினின் பலமும்

காங்கேயத்து அரிசி ஆலைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் ஆண்டெல்லாம் உழைக்கும் மக்கள், விடுமுறை கிடைத்தவுடன் குடும்ப சமேதராக உதகைக்கோ தேக்கடிக்கோ பிச்சாவரத்துக்கோ பிரயாணப்பட்டுப் படகில் ஏறி அமரும்போது, கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கிறார்களேயன்றி, படகின் பின்புறத்தில் பூட்டப்பட்டிருக்கும் எஞ்சின் அந்தப் படகுக்குத் தகுந்ததுதானா என்று விசாரிப்பதில்லை. வறண்ட பூமியில் பிறந்து, நீச்சலறியாமலே வளர்ந்தவர்கள் நம்மில் பலர் என்பதால், இந்த விசாரணை மற்றெவரையும்விட நமக்கே அதிக அவசியமாகிறது.

ஊற்றுக் குறைந்த கிணற்றில் 10 ஹெச்.பி. மோட்டாரை இறக்கினால் தண்ணீர் பெருகாது, மோட்டார்தான் கெடும் என்பதை நம் விவசாயிகள் அனுபவத்தால் அறிவார்கள். படகின் விஷயத்திலும் குதிரைத்திறனை நிர்ணயிக்க வேண்டியது உடலின் அளவேயன்றி, உடையவரின் ஆசையன்று. நீரைக் கிழித்துச் செல்லும் உருண்ட அடிப்பாகமுள்ள படகு ஒவ்வொன்றுக்கும் அதன் நீளத்தைப் பொறுத்த இயற்கையான வேக வரம்பு ஒன்று உண்டு. 16 அடி நீளமுள்ள படகுக்கு அது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். அதற்கு மேலும் பலத்தைச் செலுத்தினால், படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயன்று, அணியம் மேலெழுந்து ஓட்டுபவரின் பார்வையை மறைக்க, பின்புறமோ எஞ்சினின் பாரமும் சேர்ந்து நீருக்குள் அமிழ்கிறது. அந்த நிலையில் அவர் திடீரென்று வேகத்தைக் குறைப்பாரானால், பின்தொடர்ந்து வந்த அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். தட்டையான அடிப்பாகமுள்ள சிறு படகு வேகமெடுத்து நீரின் மேல் சறுக்கிச் செல்ல வல்லதுதான். ஆயினும் அத்தகைய படகு, மிதமிஞ்சிய பலத்தோடு சடுதியாகத் திரும்பும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து, இருப்பவர்களை வெளியே எறிந்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சிறு படகுகளைச் சொந்தமாக வைத்திருப்போர் ஏராளம். அங்கே 1971-இல் இயற்றப்பட்ட படகுப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி வகுத்த விதிகளின்படி, 20 அடிக்குக் குறைந்த படகில் அது தாங்கக்கூடிய குதிரைத்திறனையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பாரத்தையும் பொறித்த தகடு ஒன்றை உற்பத்தியாளரே பதிக்க வேண்டும். கணக்கும் எளியதே. படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்குகிறார்கள்: 14 அடி நீளமும் 4 அடி அகலமுமானால் 56. தட்டையான அடியுடைய அந்தப் படகைப் பின்னால் அமர்ந்து எஞ்சினின் கைப்பிடியாலேயே திருப்புவதானால், 56-இன் பாதியில் 15-ஐக் கழித்து 13 வர, அதை 15 குதிரைத்திறனாக மேல்நோக்கி முழுமையாக்குகிறார்கள். சக்கரத்தால் திருப்பும் அமைப்பும் 20 அங்குலம் உயர்ந்த பின்பலகையும் இருந்தால் அதே படகுக்கு 25 வரை அனுமதி உண்டு. ஒரே உடலாயினும், அதை அடக்கி ஆளும் வசதியைப் பொறுத்து அதன் தகுதி வேறுபடுகிறது என்ற இந்த நுட்பம் நம் படகுத்துறைகளிலும் பரவ வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆட்களுக்கும் ஒரு தோராயக் கணக்குண்டு: நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 15-ஆல் வகுத்தால், அமைதியான நீரில் எத்தனை பேர் ஏறலாம் என்பது தெரியும்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாகப் பறவை வேட்டைக்கு இடமில்லை. வலசை வாத்துகள் வந்து தங்கும் திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் எஞ்சின் பூட்டிய சிறு படகுகள் இங்கே சுற்றுலாவுக்கும் மீன்பிடிக்கும் பெருகியிருப்பதால், அபாயம் வேறு உருவில் நம்மை அணுகுகிறது. 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகொன்றை மாற்றியமைத்து உண்டாக்கப்பட்டது; ஒரு காரியத்துக்குச் செய்த உடலை மற்றொரு காரியத்துக்குத் திருத்தி, அளவுக்கு மீறிய ஆட்களையும் ஏற்றினால் விளைவது இதுதான். 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தருகே, எஞ்சின் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படை விசைப்படகு கட்டுப்பாடிழந்து பயணிகள் படகின்மீது மோதியபோது 15 பேர் மாண்டனர்.

பயணி கையாளக்கூடிய உரிமைகள் சொற்பமல்ல. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல் சட்டம், ஆறுகளிலும் ஏரிகளிலும் ஓடும் இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் ஆய்வுச் சான்றிதழையும் காப்பீட்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே ஏறுவதற்கு முன் சான்றிதழைக் காட்டுமாறு கேளுங்கள். அதில் கண்ட ஆள் எண்ணிக்கையையும் எஞ்சினின் பலத்தையும் எதிரே நிற்கும் படகோடு ஒப்பிடுங்கள். உங்கள் அளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு மேலாடை தரப்படாவிட்டால் ஏற மறுத்துக் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். பத்திரமற்ற படகிலோ பாரம் மிகுந்த படகிலோ கூலிக்கு ஆளேற்றுவது பாரதிய நியாய சம்ஹிதையின் 284-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாதலால், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

நஷ்டஈடு கோருவோர், விபத்து நடந்த ஊருக்கே அலைய வேண்டும் என்றெண்ணித் தளர்ந்துவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிப்பதால், தேக்கடியில் நேர்ந்த குறைபாட்டுக்கும் காங்கேயத்துக்காரர் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே நாடலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மனுவுக்குக் கட்டணமில்லை. சுற்றுலாவுக்கு முதலாளியே பணம் கட்டியிருந்தாலும், அவர் சம்மதத்தோடு படகேறிய தொழிலாளியும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் வழக்காடலாம். சம்பவம் நேர்ந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அதற்குப் பயணச்சீட்டையும், படகின் பதிவெண்ணும் எஞ்சினும் தெரியும்படி எடுத்த புகைப்படத்தையும், உடன் வந்தவர்களின் பெயர் முகவரிகளையும் பத்திரப்படுத்துங்கள். வழி தெரியாதவர்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 கட்டணமின்றி ஆலோசனை தருகிறது.