கூடைப்பந்து வீரர்களுக்கான எடைப் பயிற்சி

கூடைப்பந்து வீரர்கள் மேற்கொள்ளும் எடைப் பயிற்சியில் இரு முறைகள் முக்கியமானவை. அதிக எடையைச் சில முறை தூக்கி, இடையில் நன்கு ஓய்வெடுப்பது வலிமைப் பயிற்சி. குறைந்த எடையுடன் பல பயிற்சிகளைச் சிறு இடைவெளியில் வரிசையாகச் செய்வது சுற்றுப் பயிற்சி. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் பயிலும் மாணவர்களுக்கு இவை அடிப்படைப் பாடங்கள்.

தேவை

ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. கூடையின் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. தலா 10 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளிலும் வீரர் ஓடி, தாவி, திடீரென நின்று திரும்ப வேண்டும். தாவுவதற்குக் கால் வலிமையும், கடைசிப் பகுதி வரை தளராமல் ஆடத் தாங்குதிறனும் வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

சுற்றுப் பயிற்சியை 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் ஆகியோர் உருவாக்கினர். இதில் பொதுவாக 8 முதல் 12 நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 30 விநாடி பயிற்சி செய்து, 15 முதல் 30 விநாடிக்குள் அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வீரர் தோளில் பார்பெல் வைத்து ஒரே ஒருமுறை உட்கார்ந்து எழக்கூடிய அதிகபட்ச எடை 60 கிலோ எனக் கொள்வோம்.

- வலிமைப் பயிற்சி: 48 முதல் 51 கிலோ, 4 முதல் 6 முறை, 2 முதல் 5 நிமிட ஓய்வு.
- சுற்றுப் பயிற்சி: 24 முதல் 30 கிலோ, ஒரு நிலையத்தில் 30 விநாடி.

வியர்வை மிகுதியாகக் கொட்டுவதால் சுற்றுப் பயிற்சி மட்டுமே போதும் எனப் பலர் எண்ணுவதுண்டு. அது தாங்குதிறனை நன்கு வளர்க்கும். ஆனால் உச்ச வலிமையை வளர்ப்பதில் அதிக எடைப் பயிற்சிக்கு ஈடாகாது. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று.

பயிற்சித் திட்டம்

முதல் சில வாரங்கள் குறைந்த எடையில் சுற்றுப் பயிற்சி செய்து, சரியான உடல்நிலையைப் பழக வேண்டும். பிறகு வாரம் 2 அல்லது 3 நாட்கள் வலிமைப் பயிற்சி செய்யலாம். ஒரே தசைக்கு மீண்டும் கடும் பயிற்சி தருமுன் ஏறத்தாழ 48 மணி நேர ஓய்வு தேவை. போட்டிக் காலத்தில் வாரம் ஓரிரு நாட்கள் செய்தால், பெற்ற வலிமை குறையாது.

குறித்த எண்ணிக்கையைவிட 2 முறை கூடுதலாகத் தூக்க அடுத்தடுத்த இரு நாட்பயிற்சிகளில் முடிந்தால் மட்டுமே எடையைச் சிறிது கூட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

முறை பழகாமல் அதிக எடை தூக்கினால் முழங்காலும் இடுப்பும் பாதிக்கப்படும். தாவி இறங்கும்போது முழங்கால்கள் உட்புறம் சாயக் கூடாது. எடைக் கருவி இல்லாத பள்ளிகளில் பஸ்கி, தண்டால், கயிறு தாண்டுதல் ஆகியவற்றைக் கொண்டே சுற்று அமைக்கலாம். செட்டிநாட்டுக் கோடையில் காலை வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்து, இடையிடையே நீர் அருந்துவது நல்லது. வளரும் பருவத்தினர் பயிற்சியாளரின் மேற்பார்வை இன்றி எடை தூக்கக் கூடாது.