பழைய கணிப்பொறியின் ஆயுளை நீட்டித்தல்

எட்டுப் பத்து ஆண்டுகள் உழைத்த மேஜைக் கணிப்பொறி மந்தமாகிவிட்டால், புதிது வாங்கத் தீர்மானம் போடுவதே சங்க நிர்வாகக் குழுக்களின் வழக்கம். செலவாவது அங்கத்தினர் பணமாகையால், மந்தத்தின் காரணத்தை முதலில் அறிதல் அவசியம்.

நெசவாளர் எத்துணைக் கைவேகம் உடையவராயினும், தார் சுற்றுபவர் தாமதித்தால் தறி நிற்கத்தான் செய்யும். கணிப்பொறியில் கணக்கிடும் பகுதி நெசவாளர் போன்றது. வன்தட்டு தார் சுற்றுபவர் போன்றது. பழைய வன்தட்டினுள் ஒரு தகடு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல, ஒரு முனை அதன்மேல் இங்குமங்கும் நகர்ந்து விவரங்களைத் தேடுகிறது. தாமதம் பெரும்பாலும் இங்கேதான். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யை அவ்விடத்தில் பொருத்தி, நினைவகத்தை 4 ஜி.பி.யிலிருந்து 8 ஆக்கினால், அதே யந்திரம் பல மடங்கு சுறுசுறுப்படையும். பொத்தேரியில் மின்சார ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றால் இவை கிடைக்கும். புது யந்திரத்தின் விலையில் ஒரு பங்கே ஆகும். மாற்றுமுன் கணக்குகளை இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கவேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலையோரத் தூசி விசிறியை அடைத்தாலும் வேகம் குறையும். சூடு மிகுந்தால் கணக்கிடும் பகுதி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். உள்ளேயுள்ள 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்தால் ரசீதில் பழைய தேதி விழும். தணிக்கையாளர் ஐயுறுமுன் அதை மாற்றிவிடுவது காரியதரிசிக்கு நல்லது!

அடுத்தது பாதுகாப்பு. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. விண்டோஸ் 11-ஐ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய யந்திரங்கள் முறைப்படி ஏற்பதில்லை. இத்தகையவற்றுக்கு லினக்ஸ் தக்க மாற்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007 முதல் வெளியிட்ட ‘பாஸ்’ அவ்வகையதே, தமிழிலும் இயங்கும். ஆனால் சங்கத்தின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமா என்பதை விசாரித்தபின்னரே மாறவேண்டும். வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டெழுதிய பழைய தீர்மானங்கள் அவ்வெழுத்துரு இல்லாவிடில் புரியாக் குறிகளாகத் தோன்றும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டபடியால், அவற்றை மாற்றிக்கொள்ள இதுவே தருணம்.

தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் உப்பிக் கசிந்திருந்தால் பழுதுபார்ப்பது வீண் செலவு. அப்போது 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்கவேண்டும். கழற்றிய வன்தட்டைத் தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் போடலாகாது. அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இன்னும் இருக்கும். கோப்புகளை அழித்துவிட்டோம் என்பது போதாது. தட்டு முழுவதையும் மேலெழுதி அழிக்கவேண்டும், அல்லது தகட்டையே துளையிட்டுவிட வேண்டும்.