அரட்டை அறை ஏன் இரண்டாகப் பிளக்கிறது?

லேன் எனப்படும் உள்ளூர் வலையமைப்பில், 255.255.255.255 என்ற முகவரிக்கு ஒரு கணினி அனுப்பும் செய்தி அங்குள்ள எல்லாக் கணினிகளுக்கும் சென்று சேர்வதால், குழு அரட்டைக்கு நடுவில் சர்வர் தேவைப்படுவதில்லை. ஆனால் வலையமைப்புகளை இணைக்கும் கருவியான ரவுட்டர் இத்தகைய பொது அறிவிப்பை வெளியே விடுவதில்லை. விட்டால் இணையம் முழுவதும் ஒரே சந்தைக்கூச்சலாகிவிடும். எனவே வலையமைப்பைத் தாண்டிய அரட்டைக்கு நடுவில் சர்வர்கள் தேவைப்படுகின்றன. 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் உருவாக்கிய ஐஆர்சி என்னும் இணைய அரட்டை அமைப்பு, சர்வர்களை மரக்கிளைகள்போல் வளையமின்றி இணைத்து, ஒரு செய்தி எந்தக் கிளையிலும் இருமுறை செல்லாதபடி பார்த்துக்கொண்டது. சிக்கனமான ஏற்பாடுதான், எனினும் பலவீனமானது: இரு சர்வர்களுக்கு இடையிலான ஓர் இணைப்பு அறுந்தாலே, மாற்றுவழி இல்லாததால் அரட்டை அறை இரண்டாகப் பிளந்து, மறுபக்கத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் வெளியேறிவிட்டதாகத் திரையில் வரிவரியாக அறிவிப்பு ஓடும்; அவர்களோ, இந்தப் பக்கத்தார்தான் போய்விட்டதாக எண்ணியபடி அங்கே பேசிக்கொண்டிருப்பர்.