சக்திமான்: மூலத் தொடரும் மீளுருவாக்கங்களும்

சக்திமான் என்பது 1997 முதல் 2005 வரை தூர்தர்சனில் ஒளிபரப்பான இந்தி மீநாயகத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். முகேசு கன்னா இதனைத் தயாரித்து முதன்மை வேடத்தில் நடித்தார்.

கதையமைப்பு

நாளிதழ் ஒளிப்படக் கலைஞரான கங்காதர், யோகத்தாலும் ஐம்பூதங்களின் ஆற்றலாலும் சக்திமானாக மாறித் தீமையை எதிர்க்கிறார். கதை முடிந்ததும் சக்திமானே சிறுவர்களுக்கு நற்பழக்கங்களை எடுத்துரைப்பது இத்தொடரின் சிறப்பாகும்.

மீளுருவாக்கங்கள்

2011 இல் இயங்குபடத் தொடராகவும், 2013 இல் கன்னா நடித்த தொலைப்படமாகவும் சக்திமான் மீண்டும் வந்தது. 2020 ஊரடங்கின்போது மூலத் தொடரைத் தூர்தர்சன் மறுஒளிபரப்புச் செய்தது.

ஒப்பீடு

மூலத் தொடரின் வரைகலை இன்று எளிமையாகத் தோன்றும். பறத்தல், சண்டை முதலிய காட்சிகளை இயங்குபடத்தில் தடையின்றிக் காட்ட இயலும். எனினும் அது மூலத்தின் செல்வாக்கை எட்டவில்லை. இதற்கு இரு காரணங்களைக் கூறலாம்.

1. 1997 இல் பல வீடுகளில் தூர்தர்சன் மட்டுமே கிடைத்தது. 2011 இலோ சிறுவர் அலைவரிசைகள் பல இருந்தன. 2008 இல் தொடங்கிய சோட்டா பீம் புகழ்பெற்றிருந்தது.

2. மூலத்தில் நேரில் பேசும் மனிதரைச் சிறுவர்கள் உண்மையென நம்பினர். வரைபடத்திற்கு அந்நம்பிக்கை கிட்டுவது அரிது.

அந்நம்பிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. சக்திமான் காப்பாற்றுவார் என்றெண்ணிச் சிறுவர் சிலர் ஆபத்தான செயல்களில் ஈடுபட்டதாக அக்காலத்தில் செய்திகள் வெளியாயின. அவ்வாறு செய்யலாகாது எனக் கன்னா அறிவுறுத்தினார். எனவே மீளுருவாக்கம் ஒன்றை மதிப்பிடுகையில் தொழில்நுட்பத்தோடு, அது சிறுவர் மனத்தில் பெறும் இடத்தையும் கருதுதல் வேண்டும்.